ரைட்டுக்காரர்

அந்தக் கண்டக்டரின் பஸ்ஸில் ஏறியவர்கள் இறங்கும்போது டிக்கெட்டோடு ஒரு சிரிப்பையும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள் என்று டிப்போவில் பேச்சு. படிக்கட்டில் தொங்குகிறவனைப் பார்த்து, "உள்ள வாங்க தம்பி, உங்களுக்குன்னே ஒரு கம்பிய தொடச்சு வச்சிருக்கேன்" என்பார். தூங்கி வழிகிறவரை எழுப்பி, கனவில் எந்த ஸ்டாப் வந்தது என்று அக்கறையாக விசாரிப்பார். வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். அவர் பேசிக்கொண்டே இருப்பார்; அவர் மனைவி துணிக்கு மடிப்பு வைத்துக்கொண்டே உம் கொட்டுவாள். ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுக்கும் கடையில் அவளுக்கு வேலை. பெரிய வேலை வந்தால் துணியை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவள் காது கொடுத்துக் கேட்கிறாளா என்று சோதிக்க, கண்டக்டர் நடுவில் வேண்டுமென்றே ஒரு பொய்யைச் செருகுவார். அதற்கும் அவள் உம் கொட்டிவிட்டால் அன்றைக்கு மனஸ்தாபம்தான்.

அப்படிப்பட்ட மனிதருக்கு, காலைக் கூட்ட நேரத்தில், ஓடுகிற பஸ்ஸிலேயே பக்கவாதம் வந்தது. மீதிச் சில்லறையை நீட்டிய வலது கை அப்படியே தொங்கிப்போனது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அவரும் டிரைவரும் வருஷக்கணக்காக ஒரே வண்டியில் ஓடியவர்கள். பின்னாலிருந்து சத்தமே வரவில்லையே என்று சந்தேகப்பட்டுத்தான் டிரைவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் யாரையும் இறக்கிவிடக்கூட நிற்கவில்லை. வண்டியை ஜனங்களோடு ஆஸ்பத்திரி வாசலுக்கே ஓட்டிக்கொண்டு போனார். வேலைக்குத் தாமதமாகிறது என்று அன்றைக்கு ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

உயிர் தப்பியது. வலது கையும் காலும் மரக்கட்டையாகக் கிடந்தன. பேச்சு அடியோடு போய்விட்டது. வாயைத் திறப்பார், காற்றுதான் வரும். மனைவி கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் முறையாக அவரிடம் தானே பேசினாள். கடையில் நடந்தது, குழாயில் தண்ணீர் வராதது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, உம் கொட்டுவதற்கு ஆளில்லாமல் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குப் புரிந்தது.

ஸ்கேன் எடுப்பதற்காக ஓர் ஆள் வந்து கட்டிலின் சக்கரப் பூட்டை விடுவித்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தள்ளத் தொடங்கினார். கட்டில் நகர்ந்ததும், "ரைட்" என்று ஒரு குரல் கேட்டது. பழைய குரல். தள்ளியவர் திடுக்கிட்டு நின்றுவிட்டார். நின்றதும் மறுபடி, கொஞ்சம் அவசரமாக, "ரைட், ரைட்." பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்துவிட்டார்கள். மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து விக்கல் பிடித்துக்கொண்டது. ஒரு வார்த்தை வந்துவிட்டது, மற்றவை பின்னாலேயே வந்துவிடும் என்று அவள் நினைத்தாள்.

வரவில்லை. பெயர் என்ன என்று கேட்டால் ரைட். ஊசி வலிக்கிறதா என்றால் ரைட். புரிகிறதா என்று பார்ப்பதற்காக வார்டு டாக்டர், "நீங்க பொம்பளையா?" என்றார். அதற்கும் ரைட். தலையாட்டலையும் நம்ப முடியவில்லை. ஆமாம் என்று ஆட்ட நினைத்தால் இல்லை என்று ஆடியது. சொல்வது எதுவும் இவருக்குப் புரிவதாகத் தெரியவில்லை என்று டாக்டர் எழுதிவைத்தார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அவருக்குக் கேட்டது ஒரே ஒரு வார்த்தைதான்.

மனைவிக்கு முதல் சந்தேகம் வந்தது அடுத்த வாரத்தில். காலையிலிருந்தே கண்டக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கிடந்தார். எந்தக் கை வலிக்கிறது, ரைட்டா லெஃப்டா என்று நர்ஸ் கேட்டார். ரைட் என்றார் இவர். நர்ஸ் வலது கையை நீவிவிட்டு, தலையணை வைத்து உயர்த்திவிட்டுப் போனார். கண்டக்டர் மறுபடியும் "ரைட்" என்றார். நர்ஸ் திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் உயர்த்திவிட்டுப் போனார். "ரைட்!" என்றார். சத்தம் தொண்டையிலேயே அறுந்து நின்றது. மனைவிக்கு அந்தச் சத்தம் பரிச்சயமாக இருந்தது. காய்கறிக் கூடையோடு ஓடி வந்து ஏறுகிற பெண்ணைக் கவனிக்காமல் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டால், அதட்டுவாரே, அந்தச் சத்தம். அவள் போர்வையை விலக்கி இடது கையைப் பார்த்தாள். மருந்து ஏறிக்கொண்டிருந்த ஊசி விலகி, முழங்கை வரைக்கும் பலூன் மாதிரி வீங்கிக் கிடந்தது. நர்ஸ் ஓடி வந்து ஊசியை எடுத்தார். கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக, காற்றை விடுவது போல, "ரைட்" என்றார்.

அது வேறு ரைட். அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தார். வீட்டில் அவருக்கு டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். டீச்சர் படங்களைப் பரப்பி, சாவி எது, குடை எது என்று தொடச் சொல்வார். குடையைத் தொடப் போகிற இடது கை செருப்பில் போய் நிற்கும். உடனே கண்டக்டர் அந்தக் கையைப் பார்த்தே எரிச்சலாக ஒரு ரைட் போடுவார். மூன்று நான்கு முறை இப்படி நடந்ததும் டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, இவரு தப்பா காட்டல. தப்பா காட்டுற கைய திட்டுறாரு. கவனிச்சீங்களா?"

வார்த்தைகள் இருக்கிற இடம் மூளையில் அடிபட்டாலும், அவற்றுக்குப் போடுகிற ராகம் சிலருக்குத் தப்பித்துவிடும் என்று டீச்சர் விளக்கினார். நாளெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஒரு வார்த்தை மட்டும் மிச்சமாக நிற்பதும் உண்டாம். இங்கிலீஷ்காரர்களே இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வலது பக்கம், சரி, நியாயம், உரிமை என்று எத்தனையோ வேலை வாங்குகிறார்கள் என்றார். மனைவி யோசித்துப் பார்த்தாள். நாம் மட்டும் சும்மாவா இருக்கிறோம். வண்டியை எடு என்பதற்கும் ரைட். சரி, ஆகட்டும் என்பதற்கும் ரைட்டு. போனால் போகிறது என்பதற்கும் ரைட்டு விடு. இனி உருப்பட்ட மாதிரிதான் என்பதற்கும் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு ரைட்டு. ஒரு வார்த்தைக்குள் இவ்வளவு கிடக்கும்போது தன் கணவர் எப்படி ஊமையாவார் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று முதல் அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். குட்டையாகக் கீழே விழுந்தால் ஆமாம். தொண்டையில் அறுந்தால் வேண்டாம். கடைசியில் கொஞ்சம் மேலே தூக்கினால், அப்படியா, அப்புறம் என்ன ஆச்சு என்று அர்த்தம். பல சமயம் அவள் தப்பாகவும் புரிந்துகொண்டாள். ஃபேனைப் போடச் சொல்கிறார் என்று நினைத்துப் போட்டாள். அவர் சொன்னது அணைக்க. இரண்டு பேரும் கத்தினார்கள். அவள் தமிழில் கத்தினாள், அவர் ரைட்டில் கத்தினார். கீழ் வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, புருஷன் பெஞ்சாதி சண்டைதான் என்று நிம்மதியாக மூடிக்கொண்டார்கள்.

வேறு ஊரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்வாள். முதலில் அப்பாவிடம் கொடுக்கவே மனைவிக்குத் தயக்கம். அவர் இடது கையை நீட்டி அதட்டி வாங்கிக்கொண்டார். மகள் அழுதாள் போலிருக்கிறது. இவர் தாழ்ந்த குரலில், தட்டிக்கொடுப்பது போல ரைட், ரைட் என்றார். பிறகு அவள் தன் மேலதிகாரியைப் பற்றி ஏதோ சொல்ல, இவர் நீட்டி முழக்கி ஒரு ரைட்டு போட்டார். மறுமுனையில் மகள் சிரிக்கிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. அம்மாவிடம் பேசுவதைவிட அதிக நேரம் அன்றைக்கு அப்பாவிடம் பேசினாள்.

டிரைவர் பார்க்க வருவார். கண்டக்டரை அவர் வாடா போடா என்றுதான் பேசுவார். புது கண்டக்டரோடு வண்டி ஓட்டுவது பிடிக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வார். அப்படி ஒரு நாள் வந்திருந்தபோது மனைவி, இவர் சொல்வது உங்களுக்குப் புரிகிறதா அண்ணே என்று தயங்கிக்கொண்டே கேட்டாள். டிரைவருக்குக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது.

"இத்தனை வருஷமா இவன் மூஞ்சிய பாத்தா வண்டி ஓட்டினேன்? முதுகுக்குப் பின்னால வர்ற சத்தம்தான். வயசானவங்க ஏறினா ஒரு ரைட்டு, செக்கிங் ஏறினா ஒரு ரைட்டு, இவனுக்குப் பசிச்சா ஒரு ரைட்டு. அதை வச்சுத்தான் தங்கச்சி நான் ஆக்ஸிலேட்டர்ல கால வைப்பேன்."

இதைக் கேட்ட கண்டக்டர் குட்டையாக, கீழே விழுகிற ஒரு ரைட் சொன்னார்.

விடுப்பு முடியப்போகிற சமயத்தில் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. மருத்துவக் குழு அவரைப் பரிசோதிக்கும். சொல்வது புரிகிற மனிதர் என்றால் டிப்போவிலேயே அவரால் முடிகிற மாதிரி வேறு வேலை தருவார்கள். புரியாது என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தொழிற்சங்கத்துக்காரர் வந்து, வேறு வேலை கேட்பது உங்கள் ரைட்ஸ், சும்மா விடக்கூடாது என்று நெஞ்சை நிமிர்த்திப் பேசினார். கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரைட்டு" என்றார். சங்கத்துக்காரர் உற்சாகமாகக் கிளம்பிப் போனார். அது என்ன ரைட்டு என்று மனைவி அவருக்கு விளக்கவில்லை.

வேலை போய்விடுமே என்ற கவலையைவிட வேறொன்றுதான் அவளை அறுத்தது. புரியாதவர் என்று எழுதி, முத்திரை குத்தி, மனிதர்களின் வரிசையிலிருந்தே அவரை ஒதுக்கிவைக்கப் பார்க்கிறார்கள். அவருடைய சட்டையின் பொத்தான்களை எடுத்து வெளிப்பக்கம் அழகுக்குத் தைத்துவிட்டு, ஒரு கையாலேயே மாட்டுகிற மாதிரி உள்பக்கம் ஒட்டுப் பட்டை வைத்துத் தைத்தாள். வெளியே பார்த்தால் பொத்தான் வைத்த சட்டை போலவே இருக்கும். குழு கூடிய அன்று அதைத் தானே மாட்டிக்கொண்டு, கைத்தடியை ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு அவர் தலைமை அலுவலகத்தின் மாடிப்படி ஏறினார். தாங்கிப் பிடிக்க வந்த ஆளை ஒரு ரைட்டில் ஒதுக்கினார்.

நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் வழுக்கைத் தலையோடு தலைமை டாக்டர், ஒரு பக்கம் லேடி டாக்டர், மறுபக்கம் கம்பெனி அதிகாரி. டீச்சர் தன் விடுமுறை நாளில் வந்திருந்தார். டிரைவர் வேலையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

தலைமை டாக்டர் சாதாரணமாகத்தான் தொடங்கினார். எந்த மாதம் இது, நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள், இது பேனாவா கத்தியா. எல்லாவற்றுக்கும் ரைட் வந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். இவரை அனுப்பிவிடத் தனக்கு ஆசை ஒன்றும் இல்லை என்றும், ஆனால் வண்டிகள் வந்து போகிற இடத்தில் சொல்வது புரியாத ஒருவரை நிறுத்தினால் நாளைக்கு யார் காலிலாவது சக்கரம் ஏறும் என்றும் சொன்னார். அவர் சொன்னது நியாயமாகவே இருந்தது. அதனால்தான் மனைவி அவசரமாக டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

டீச்சர் எழுந்து ஒரு யோசனை சொன்னார். கண்டக்டரின் மனைவியும் டிரைவரும் ஜன்னல் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கட்டும். டாக்டர் தனக்குத் தோன்றிய கேள்வியைக் கண்டக்டர் காதில் மட்டும் கேட்கட்டும். கேள்வி என்னவென்று தெரியாமல், வருகிற ரைட்டை வைத்து அவர் என்ன சொல்கிறார் என்று இவர்கள் சொல்லட்டும். லேடி டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தலைமை டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்து வந்தார்.

ஜன்னலுக்குக் கீழே பஸ்கள் வரிசையாக நின்றன. மனைவி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் குசுகுசுவென்று ஏதோ கேட்டது. பிறகு, "ரைட்."

"ஆமாங்கறாரு" என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது.

மறுபடி குசுகுசு. "ரைட்."

"இல்ல."

"ரைட்."

"இல்லவே இல்லங்கறாரு."

பின்னால் பேனா கீறுகிற சத்தம். சரியா தப்பா என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த ரைட்டுக்கு அவள் ஆமாம் என்றாள். டிரைவர் தலையைச் சாய்த்து, "பாதி ஆமாதான் தங்கச்சி. தாங்கிக்கலாம்ங்கறான்" என்றார். ஏசி குளிராக இருக்கிறதா என்பது கேள்வி என்று பிறகு தெரிந்தது. அப்போதே கம்பெனி அதிகாரி எழுந்து போய் அதைக் குறைத்து வைத்தார்.

கடைசியாக ஒரு கேள்வி. பிறகு நிதானமாக, மேலிருந்து கீழே படியிறங்கி வருவது போல, "ரை...ட்டு."

மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். டிரைவரின் தோள் குலுங்கியது.

"என்ன சொல்றாரு?" என்றார் தலைமை டாக்டர்.

"சொன்னா சார் கோவிச்சுக்கக் கூடாது" என்றார் டிரைவர், திரும்பாமலே.

"சொல்லுங்க."

"நீங்க என்ன கேட்டீங்கன்னு எனக்குத் தெரியாது சார். ஆனா நம்ம வண்டியில எவனாச்சும் தன்னைப் பத்தியே பெருமை அடிச்சுக்கிட்டு வந்தா, இவன் இந்த ரைட்டத்தான் போடுவான்."

முதலில் சிரித்தது லேடி டாக்டர்தான். அடக்கப் பார்த்து முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். தலைமை டாக்டர் கேட்ட கேள்வி, "நான் கெட்டிக்கார டாக்டர்னு நினைக்கிறீங்களா?" என்பது. அவர் தன் வழுக்கையை ஒரு தடவு தடவிவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தார். திரும்பிப் பார்த்த மனைவிக்குக் கண்டக்டரின் முகம் தெரிந்தது. பாதி முகம்தான் சிரித்தது. ஆனால் அந்தப் பாதியில், ஜனங்கள் நிறைந்த பஸ்ஸில் ஒரு நல்ல பேச்சைப் பேசிவிட்டு யார் யார் சிரிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற பழைய மனிதர் அப்படியே இருந்தார்.

"புரியாதவருக்குக் கிண்டல் வராது" என்றார் தலைமை டாக்டர். "எழுதிக்குங்க. இவருக்கு எல்லாம் புரியுது. கொஞ்சம் அதிகமாவே புரியுது."

மறுநாள் மனைவி கடைக்குப் போய் முதலாளியம்மாவிடம் நடந்ததை நடித்தே காட்டினாள். வாழ்நாளெல்லாம் உம் மட்டுமே கொட்டியவள் இப்படிப் பேசுகிறாளே என்று அந்த அம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

கண்டக்டருக்கு டிப்போ வாசலில் வேலை கொடுத்தார்கள். புறப்படுகிற வண்டிகளைச் சுற்றிப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருந்தால் அனுப்பிவைக்க வேண்டும். எல்லா டிரைவருக்கும் அவருடைய ராகம் தெரியாது என்பதால் இடது கைக்கு ஒரு சிவப்புக் கொடி. கொடி கீழே இருந்தால்தான் ரைட்டுக்குப் போ என்று அர்த்தம். முதல் நாள் முதல் வண்டியாக நம் டிரைவரே வந்து நின்று, ஹாரன் அடித்து வம்பு செய்தார். கண்டக்டர் அவசரப்படவில்லை. காலை இழுத்து இழுத்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரைத் தட்டினார், கதவை ஆட்டினார், பின்னால் போய் நின்றார். கொடி மேலே போனது. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்தால், பின் விளக்கு ஒன்று எரியவில்லை. நண்பன் என்றும் பார்க்காமல் நான்கு பேர் முன்னிலையில் அவருக்குச் சரமாரியாக ரைட் விழுந்தது. விளக்கை மாற்றிய பிறகுதான் வண்டி வாசலைத் தாண்டியது.

டீச்சர் இன்னும் வருகிறார். புதிதாக இரண்டு வார்த்தைகள் வந்திருக்கின்றன. இரண்டும் வீட்டில் சொல்லக்கூடாதவை. வார்த்தை வார்த்தைதானே என்று டீச்சர் அவற்றுக்கும் கைதட்டினார்.

மனைவி கடைக்குப் போக ஏறுகிற ஸ்டாப், டிப்போ மதிலுக்கு நேர் எதிரே. ஒரு நாள் காலை அவள் அங்கே நின்றுகொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ரைட், ரைட் என்று குரல் வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்மணி காதைத் தேய்த்துக்கொண்டு இவளிடம் அலுத்துக்கொண்டார்.

"விடிஞ்சா போதும், ஆரம்பிச்சுடறாரு. அந்த ஆளுக்கு வேற வார்த்தையே தெரியாதா?"

"எல்லாம் தெரியும்" என்றாள் அவள். "இப்போதைக்கு இது ஒண்ணு போதும்னு வச்சிருக்காரு."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"என் வீட்டுக்காரரு" என்று சொல்லிவிட்டு, தன் பஸ் வந்துவிட்டதா என்று பார்க்கக்கூட மறந்து, மதிலுக்கு அப்பால் அடுத்த வண்டிக்கு அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.